பெஹாலா பாரிஸ்டரின் எண்ணெய்ப் பம்ப்

பம்பைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. பல்சக்கரம் எப்படிச் சுற்றினால் எண்ணெய் எவ்வளவு ஏறும் என்று காகிதத்திலேயே போட்டுக் காட்டுகிற பிள்ளைகள் நீங்கள். என் காலத்தில் கையை விட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். பாதி நகம் அதிலேயே போயிற்று. ஆகவே பல்சக்கரத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஒரு பழைய மோட்டாரில் எண்ணெய்ப் பம்பை மாற்றி வைத்தோம். அதன் காரணமாக ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போக இருந்தான். அதைத்தான் சொல்லப் போகிறேன். உடைந்த பிஸ்டன், உருகிய பேரிங், ஒரு தடவை செத்த எலிகூட எஞ்சினுக்குள் பார்த்திருக்கிறேன். எதற்கும் கலங்கினவன் இல்லை. கல்கத்தாவை ஒட்டின பெஹாலாவில் ஒரு மோட்டார்க் கொட்டகையில் கலங்கிப் போனேன்.

கல்கத்தாவில் குடியேறின எங்கள் தமிழ் ஜனங்களுக்கு அப்போது ஒரே சாஸ்திரம்தான்: பேனா பிடிக்காதவன் உருப்பட மாட்டான். அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நான் ஸ்பானர் பிடித்தேன். யாராவது விசாரித்தால் அம்மா, "மோட்டார் ஆபீசில் இருக்கான்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். நான் பட்டறையில் ஃபோர்மன் ஆன பிறகும் அவளுக்கு அது ஆபீஸ்தான்.

அந்த நாளில்தான் பெஹாலாவிலிருந்து ஒரு பாரிஸ்டர் எங்களிடம் வந்தார். வங்காளி. சீமையில் படித்தவர். அவருடைய மோட்டார் முதல் உலக யுத்தத்துக்கு ரொம்ப முன்னால் கப்பலில் வந்து இறங்கியது. அதை விற்றுவிட்டுப் புதிது வாங்க அவரிடம் வசதி இருந்தது, மனசு இல்லை. அந்தக் காலத்து வண்டிகளில் எண்ணெய் எப்படிப் போகும் என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். டிரைவருக்கு எதிரே பலகையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும். இறங்கினது எஞ்சினுக்குள் தெறித்து, கொஞ்சம் எரிந்து புகையாகப் போகும், மிச்சம் ரோட்டில் ஒழுகும். குடித்ததைக் கொப்பளித்த கணக்குத்தான். திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது.

"ஃபோர்மன்பாபு, கோர்ட்டுக்குப் போகிறேனா, சுடுகாட்டுக்குப் போகிறேனா என்று ஊர் கேட்கிறது. இந்தப் புகையை நிறுத்துங்கள்" என்றார் பாரிஸ்டர்.

நிறுத்தினோம். எஞ்சினுக்கு அடியில் ஆழமாக ஒரு புதுத் தொட்டி அடித்துப் போட்டு, வேறொரு வண்டியில் இருந்த பல்சக்கரப் பம்பை எடுத்து இதற்குத் தக்கபடி அறுத்து, கடைந்து, தொட்டிக்குள்ளே உட்கார வைத்தோம். பம்ப் வாயில் மெல்லிய கம்பிச் சல்லடை. இனிமேல் எண்ணெய் மேலே போகும், கீழே விழும், மறுபடி மேலே போகும். ஒரு சொட்டு வீணில்லை, புகையும் இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வண்டியை ஒப்படைக்கிற அன்று எங்கள் பட்டறைப் பையன்கள் பானெட்டில் சந்தனம் தடவி, ஒரு செவ்வந்தி மாலையும் போட்டுவிட்டார்கள். பாரிஸ்டர் அந்த மாலையைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார்.

"இது பெட்ரோலில் ஓடுகிறதா, பூவில் ஓடுகிறதா? உங்களை நான் விஞ்ஞானி என்று நினைத்திருந்தேன்."

எல்லோர் எதிரிலும் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. நாட்டில் இப்படி நாலு பேர் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். மாலையை நீட்டின அந்தக் கையில் ஒரு மோதிரம் இருந்தது. கல் வெளியே தெரியாமல் உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார். சீமை நாகரிகம் போலிருக்கிறது என்று அதையும் மெச்சிக்கொண்டேன்.

அவருடைய டிரைவர் நம் ஊர்க்காரன், கன்னியப்பன். வேலூர்ப் பக்கம். யுத்தத்தின்போது பட்டாளத்து லாரி ஓட்டிவிட்டு, கப்பல் இறங்கின இடத்திலேயே தங்கிவிட்டவன். பாரிஸ்டர் வீட்டுக் கொட்டகையின் பரண்மேலேதான் படுக்கை. வண்டியைப் பெண்டாட்டியைப் போலப் பார்த்துக்கொள்கிறான் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். "பெண்டாட்டிகிட்ட அடிக்கடி கோவம் வரும்யா, இதுங்கிட்ட வராது" என்பான்.

பம்ப் வைத்துச் சில மாதம் வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. துர்கா பூஜை விடுமுறைக்குப் பாரிஸ்டரின் ஒரே மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜ் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்த்ராகாச்சி ஏரியில் பறவை பார்க்க வேண்டும் என்றான். கன்னியப்பன் அவனை ஏற்றிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி ஹௌரா பக்கம் போனான். ரயில்வே யார்டிலிருந்து பிரிகிற ஒரு கிளைப் பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற இடம். கேட் கிடையாது. சரியாகத் தண்டவாளத்தின் மேலே ஏறினதும் எஞ்சின் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டு இறுகிவிட்டது. கிராங்கைப் போட்டுத் தொங்கினாலும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து யார்டிலிருந்து சரக்கு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு ரயில் எஞ்சின் பின்னோக்கி வந்தது.

பையன் பயத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கிறான். கன்னியப்பன் அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தான். எறிந்துவிட்டு, ஓடிப் போய்த் தப்பிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ரயிலை நோக்கித் தண்டவாளத்தின் நடுவிலேயே ஓடினான். முன்னால் தள்ளப்பட்டு வந்த சரக்கு வண்டி மோட்டாரின் விளக்கைத் தொட்டு, கண்ணாடியை மட்டும் நொறுக்கிவிட்டு நின்றது.

இதெல்லாம் பையனே என்னிடம் சொன்னது. நான் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் மத்தியானம். மாட்டைக் கட்டி இழுத்து வண்டியைப் பெஹாலா கொட்டகையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பாரிஸ்டர், மகன், பாரிஸ்டருடைய சிநேகிதரான ஒரு தரோகா, அதாவது போலீஸ் இன்ஸ்பெக்டர், எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரோகா ஆறுதல் சொல்ல வந்தவர், உடுப்போடு வந்திருந்தார். கன்னியப்பன் கதவோரம் நின்றான். அவன் முழங்கை சிராய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. நான் அடியில் படுத்துத் தொட்டியைக் கழற்றி இறக்கினேன்.

வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எஞ்சின் தீய்ந்த நாற்றம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. ஆனால் வங்காளி மூக்குக்கு அதைச் சொல்லித் தரவேண்டுமா? தரோகா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஆரே பாபா, இது கடுகெண்ணெய்! எங்கள் வீட்டில் இலிஷ் மீன் பொரிக்கிற வாசனை!"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தொட்டியில் கையை விட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. வாணலி விளிம்பில் எண்ணெய் காய்ந்து பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். சல்லடை முழுக்க அதே பிசின். ஒரு சொட்டு மேலே ஏற வழியில்லை. நான் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துப் பார்த்து வைத்த பம்ப். அதன் வாயை யாரோ கோந்து போட்டு ஒட்டின மாதிரி இருந்தது.

தரோகாவின் மூளை மூக்கைவிட வேகம். "புரிந்துவிட்டது. சீமை எஞ்சின் எண்ணெயை வெளியே விற்றுவிட்டு, கடைக் கடுகெண்ணெயை ஊற்றியிருக்கிறான். அதனால் உங்கள் மகன் உயிரே போகப் பார்த்தது. இது வெறும் திருட்டு இல்லை!" என்று சொல்லிக் கன்னியப்பனின் கழுத்துத் துணியைப் பிடித்தார்.

"இல்லை, அவன்தான் என்னைக் காப்பாற்றினான்!" என்று பையன் கத்தினான்.

"அவன் வைத்த கண்ணியிலிருந்து அவனே எடுத்தான்" என்றார் தரோகா.

பாரிஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ஃபோர்மன்பாபு, கடுகெண்ணெயால் எஞ்சின் இப்படி ஆகுமா?"

"ஆகும்."

"வேறு காரணம்?"

"இல்லை."

என்ன சொல்ல முடியும்? எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒரு வெள்ளைக்காரத் துரை, 'கண்டதைச் சொல்; அதை யார் செய்தார் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்' என்பார். கண்டதைச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்த நிஜமே அந்த மனுஷன் கையில் விலங்கு மாட்டப் போகிறது என்று தெரிந்தது. நான் கன்னியப்பனைப் பார்த்தேன். அவன் என்னையும் பார்க்கவில்லை, தரோகாவையும் பார்க்கவில்லை. பாரிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பாரிஸ்டர் தரையைப் பார்த்தபடி, "செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்" என்றார்.

தரோகா ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். போலீஸ்காரன் வருகிறவரைக்கும்தான் எனக்கு நேரம். பதற்றத்தில் கை சும்மா இருக்காது, சல்லடையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். பிசினில் கறுப்பு கறுப்பாகப் பொடி. கரி என்று நினைத்தேன். ஒன்றை நகத்தில் வைத்து நசுக்கினேன். கரி பொடியாகும், இது தோல் பிரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. தொட்டியின் ஓரத்தில் சில மணிகள் ஊறாமல் புத்தம் புதிதாக ஒட்டியிருந்தன.

எள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பவானிப்பூரில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவறாமல் அம்மா எள்ளை மூட்டை கட்டி விளக்குப் போடுவாள், எனக்கு ஏழரைச் சனி நடந்த வருஷங்களில் இன்னும் கூடுதலாக. எங்களுக்கு நல்லெண்ணெய், இவர்களுக்குக் கடுகெண்ணெய். சனீஸ்வரன் ஒருவன்தான். இரும்புக்கு எண்ணெய் விட்டு, எள்ளும் போட்டு வேண்டிக்கொள்வது இந்த ஊரிலும் உண்டு. தெருமுனைக் கோவிலில் சனிக்கிழமை தோறும் பார்த்திருக்கிறேன். எண்ணெயைத் திருடி விற்கிறவன் எள்ளை எதற்குப் போடுவான்? யாரோ இந்த வண்டிக்குப் பூஜை செய்திருக்கிறார்கள். நேற்று முன்தினம் சனிக்கிழமை. மறுநாள்தான் வண்டி நின்றது.

வீட்டுப் பெண்கள் யாராவது இருக்கும் என்றுதான் எண்ணினேன். கேட்கலாம் என்று திரும்பினால், பாரிஸ்டர் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் அந்த மோதிரத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தது. உருட்டின உருட்டலில் கல் மேலே வந்தது. நீலம். சனிக்கு உரிய கல்.

தம்பிகளா, அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வது? செவ்வந்தி மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தவர். அது போகட்டும், நம்பிக்கை அவரவர் பாடு. இந்த மனுஷருக்குத் தெரியும்! கடுகெண்ணெய் என்ற வார்த்தை காதில் விழுந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், தன் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினவன் கழுத்தில் கை விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். படித்தவன் சூதும் வாதும் செய்தால் என்ன ஆவான் என்று பாட்டில் வருகிறதே, ஆனவனைக் கண்ணெதிரே பார்த்தேன். ஸ்பானரைத் தூக்கி அடித்திருப்பேன், அவ்வளவு கோபம்.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த விஷயம் இருக்கிறது. எள்ளைத் தூக்கிக் காட்டி, 'இதோ பார், யார் செய்தது?' என்று கத்துவது எனக்குச் சுலபம். கத்தியிருந்தால் சிநேகிதர் எதிரில், மகன் எதிரில், அவர் 'எனக்கு என்ன தெரியும்' என்று சொல்லியிருப்பார். ஒரு தடவை இல்லை என்று சொன்ன பாரிஸ்டர் பிறகு ஆமாம் என்று சொல்வாரா? சத்தியம் செய்து சாதிப்பார். ஒரு பட்டறைக்காரனின் நகத்தில் இருக்கிற எள், அவர் வாய்ச்சொல்லுக்கு முன் எந்த மூலைக்கு? எனக்கு வேண்டியது அவர் மானம் போவது இல்லை, கன்னியப்பன் ஸ்டேஷனுக்குப் போகாமல் தப்புவது.

பெட்ரோல் வாசனை வருகிறது, சுருட்டுப் பிடிக்கிறவர்கள் வெளியே இருங்கள் என்று அதட்டினேன். தரோகா சுருட்டும் கையுமாக இருந்தது என் அதிர்ஷ்டம். கன்னியப்பனை இழுத்துக்கொண்டு போனார். பையனையும் போகச் சொன்னேன். "வண்டிக்குச் சொந்தக்காரர் மட்டும் இருக்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டு, நகத்தில் இருந்ததை அவர் உள்ளங்கையில் துடைத்தேன்.

"எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை எள் உண்டு, சார்."

அவர் கையை மூடிக்கொண்டார். பிறகு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"மகனுக்கு ஏழரை நடக்கிறது. வாகனத்தில் கண்டம் என்று ஜாதகத்தில் இருக்கிறதாம். நான் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை" என்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிகிற நேரத்தில் எஞ்சினுக்கு ஒரு கரண்டி விடுவேன். இரண்டு வருஷம். அவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அது பலித்துக்கொண்டுதானே இருந்தது?"

"பழைய எஞ்சினில் விட்டது ரோட்டில் ஒழுகிப் போயிற்று. உங்கள் கரண்டி எண்ணெயும் அதோடு போயிற்று. இப்போது பம்ப் எதையும் வெளியே விடுவதில்லை. உள்ளே போனது உள்ளேயே சுற்றிச் சுற்றிக் காய்ந்து, சல்லடையை அடைத்துவிட்டது."

அவருக்கு மெதுவாகப் புரிந்தது. மகன் தண்டவாளத்தில் மாட்டாமல் இருக்க ஊற்றின எண்ணெய்தான் மகனைத் தண்டவாளத்தில் கொண்டு நிறுத்தியிருக்கிறது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது. எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"தண்ணீர் வேண்டாம்" என்று எழுந்தார். "அவர்கள் கிளம்பிவிடப் போகிறார்கள்."

வெளியே போலீஸ்காரன் வந்து கன்னியப்பனின் கையைப் பிடித்துவிட்டிருந்தான். பாரிஸ்டர் தோளை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கோர்ட்டில் இப்படித்தான் நடப்பார் போலிருக்கிறது.

"அவனை விடுங்கள். அந்த எண்ணெயை ஊற்றியது நான்."

தரோகாவின் சுருட்டு கீழே விழுந்தது. "நீங்களா? எதற்கு?"

நானும் பின்னாலேயே வந்து நின்றேன்.

"ஒரு விஞ்ஞானப் பரிசோதனை" என்றார் பாரிஸ்டர்.

என்ன மனுஷர்! ஆனாலும் பாதியாவது சொன்னாரே. பையன் அப்பாவையே உற்றுப் பார்த்தான். அவன் நம்பினதாக எனக்குத் தோன்றவில்லை. தரோகா சங்கடத்தோடு கன்னியப்பனின் தோளைத் தட்டிவிட்டுப் புறப்பட்டார். "நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துவிடு" என்று பாரிஸ்டர் கன்னியப்பனிடம் சொன்னார். அவன் கும்பிட்டான்.

எஞ்சினைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு வந்து சரி செய்தேன். வண்டியை எடுக்க வந்த பாரிஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, "பம்பை எடுத்துவிட்டுப் பழையபடியே சொட்டு எண்ணெய் ஆக்கித் தர முடியுமா?" என்றார். எனக்கு மறுபடி தூக்கிவாரிப் போட்டது. இத்தனைக்குப் பிறகும் சனிக்கிழமைப் பூஜையைக் கைவிட அவருக்குத் தைரியம் இல்லை! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பம்பை எடுக்க மாட்டேன் என்றேன். பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தைப் பற்றவைத்துக் கொடுத்தேன். அடியில் துளை கிடையாது. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. "பரிசோதனையை இதில் செய்துகொள்ளுங்கள்" என்றேன். அடுத்த தடவை வண்டி வந்தபோது கிண்ணத்தில் எண்ணெய் இருந்தது, எள்ளும் இருந்தது. எஞ்சின் அருமையாக ஓடியது. அதிலிருந்து எந்த எஞ்சினை மாற்றுவதானாலும், இதற்குள் யார் யார் என்னென்ன விடுகிறீர்கள் என்று வீட்டுக்காரரிலிருந்து வண்டி கழுவுகிறவர்வரை கேட்காமல் நான் போல்ட்டில் கை வைத்ததில்லை. நீங்களும் கேளுங்கள். நிஜத்தைச் சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

கொட்டகையில் இதெல்லாம் நடந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே கன்னியப்பன் தன் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னோடு டிராம் நிற்கிற இடம்வரைக்கும் நடந்து வந்தான். பெட்டியைப் பார்த்தபோதே எனக்கு மனசு கலங்கியது.

"ஏம்ப்பா, நாளைக்கு வரச் சொன்னாரே?"

"சொன்னாரு."

"அவர்தான் ஊத்தினார்னு உனக்கு முன்னாடி தெரியாது இல்லையா?"

"தெரியாம என்னய்யா? பரண்மேலதானே படுத்துக்கினு கெடந்தேன். சனிக்கெழமை சனிக்கெழமை பாத்துக்கினுதான் இருப்பேன். கரண்டியப் புடிச்சிக்கினு கண்ண மூடி நிப்பாரு. புள்ள பேரச் சொல்லுவாரு. அப்புறம் என் பேரயும் சொல்லுவாரு, ஓட்டுறவன் கையி நல்லா இருக்கணும்னு."

தரோகா கழுத்தைப் பிடித்தபோது அவன் பாரிஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. "பின்னே ஏன் அங்கேயே சொல்லலை? உன்னை ஜெயிலுக்கு இல்லையா கொண்டுபோக இருந்தாங்க?"

டிராம் வந்துவிட்டது. பெட்டியை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அவருக்கோசரம் ஜெயிலுக்குப் போறதுக்கு நான் தயாராத்தான் நின்னேன்யா. என்னை அனுப்புறதுக்கு அவரும் தயாராத்தான் நின்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வண்டியில எப்படிக் குந்திக்கினு போறது?"